டாக்டரம்மா காருக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுத்த கதை

என் வீட்டு வாசலிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் வரை பதினான்கு வேகத்தடைகள். அவற்றில் ஒன்பதுக்கு வெள்ளைக் கோடு கிடையாது. போன மாதம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க ஆட்டோவில் போனபோது எண்ணினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி உள்ளே போனால், இப்போது அங்கே வேலை பார்க்கும் மூன்று பேர் ஒரு கணினித் திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த செடான் கார் ஒன்று வந்திருந்தது. அதற்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்ற வேண்டுமாம். காரின் பெயரை அடித்தால் திரையில் நான்கு செட் வரிசையாக வந்தது.

"எது சார் போடலாம்? நீங்க அந்தக் காலத்துல இதெல்லாம் பாத்தவராச்சே" என்றார் அவர்களில் மூத்தவர்.

"இந்த வண்டியில யாருப்பா போறாங்க?"

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். "அதுக்கு இதுல கட்டம் இல்லியே சார்" என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் பதில் உறுத்தியது. என்னிடம் ஒரு காலத்தில் கட்டம் போட்ட தாள் இருந்தது. அதில் முப்பத்தோரு கட்டங்கள். அந்த முப்பத்தொன்றும் சேர்ந்து என்னை ஒருமுறை ஏமாற்றின. அதைச் சொன்னால் அந்த மூவருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம். சர்க்கார் வேலைக்கு ஏழு முறை எழுதி ஏழு முறையும் கிடைக்காமல், 1989இல், மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயம், வேலூர் ரோட்டிலிருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். வருகிற வண்டியை வாங்கிக்கொண்டு, அந்த முப்பத்தோரு கட்டம் போட்ட ஜாப் கார்டை எழுதுவது என் வேலை. முதல் மூன்று வருடம் ஸ்பேனர் எண்களைக் கற்றுக்கொண்டேன், கையில் தழும்பு வாங்கினேன், வேறு சொல்வதற்கில்லை. மற்றதெல்லாம் ஃபோர்மேன் கோதண்டத்திடம் கற்றது.

கோதண்டம் அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வண்டிக்காரரிடம் பேசும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு வண்டியின் அருகே போகாமல் பத்தடி தள்ளி நின்று அதைப் பார்ப்பார். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது, எந்த டயர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது என்று. அதற்கப்புறம்தான் கேள்வி. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுல யாரு போறாங்க?"

ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிவரும் டாக்ஸி டிரைவர் ஒருவர், பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லி வந்தார். மூட்டை முடிச்சு ஜாஸ்தி, வண்டி இறங்குகிறது என்றார். ஃபோர்மேன் அவரோடு பத்து நிமிடம் பேசி, இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் புஷ் ரப்பர்களை மட்டும் மாற்றி அனுப்பினார். "மூட்டை போறது வாரத்துக்கு ஒரு தபா. மிச்ச நாளெல்லாம் வயசானவங்க ரெண்டு பேரு உக்காந்து போறாங்க. பட்டை போட்டா அவங்க முதுகு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் என்னிடம். டிரைவர் பிறகு இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து விட்டார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஷாக் அப்சார்பரின் உள்ளே போய் வரும் தண்டில், கீழே உடலை ஒட்டி, பூக்கட்டும் நூலை ஒரு சுற்று இறுக்கிக் கட்டுவார். கோயில் மாட வீதியில் பூக்காரம்மாவிடம் ஒரு நூல்கண்டு வாங்கி வைத்திருப்பார். வண்டி ஓடும்போது தண்டு உள்ளே போகப் போக நூல் மேலே தள்ளப்படும். ஓடி முடிந்ததும் நூல் எங்கே நிற்கிறதோ அதுவரை ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு மேலே இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரை நூல் தொட்டுவிட்டால் ஸ்பிரிங்குக்கு இனி இடமில்லை, இடி நேராக வண்டிக்குப் போகிறது. ஒரு காசு பெறாத நூல். நான் பதினாறு வருடம் அவரோடு இருந்தேன். அது ஒருமுறையும் தவறாகச் சொன்னதில்லை.

இனி டாக்டரம்மா. 2003ஆம் வருடம் என்று நினைவு. அவர் மயக்க மருந்து டாக்டர். நகரத்தில் இரண்டு நர்சிங் ஹோம், போளூரில் ஒன்று, செங்கத்தில் ஒன்று என்று நான்கு இடங்களுக்கும் தானே ஓட்டிக்கொண்டு போவார். அவர் போனால்தான் அங்கே கத்தி எடுப்பார்கள். ஐம்பது வயதிருக்கும். கார் என்றால் உயிர். பத்திரிகை வாங்கிப் படிப்பார். பழைய வண்டியை விற்றுவிட்டு, இரண்டு வருடம் ஓடிய ஒரு ஸ்போர்ட்ஸ் செடானை வாங்கியிருந்தார். கறுப்பு நிறம். இஞ்சின் நல்ல இஞ்சின்.

"வண்டி வளைவுல சாயுது ஃபோர்மேன். அது எனக்குப் பிடிக்கல. இறக்கமான ஸ்பிரிங் போட்டு இறுக்கிக் குடுங்க. ஆனா என் முதுகும் உடையக் கூடாது" என்றார்.

ஃபோர்மேன் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். "யாருங்க போறது?"

"நானும் தியேட்டர் சிஸ்டரும்."

சென்னையிலிருந்து உதிரி பாக வியாபாரி அனுப்பிய பட்டியலில் எங்களுக்குப் பொருந்துவது மூன்று. முதலாவது, முப்பது மில்லிமீட்டர் குட்டையான, இறுக்கமான ஸ்பிரிங். இரண்டாவது, மரையைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் செட். மூன்றாவது, ஸ்பிரிங்கின் உயரத்தைத் தொடாமல், இறுக்கமான ஷாக் அப்சார்பரும், இரண்டு சக்கரத்தையும் இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி கொஞ்சம் தடிமனானதும் போடுவது.

இரண்டாவதை ஃபோர்மேன் பார்த்தவுடன் ஒதுக்கினார். நம் ஊர் மழையிலும் மண்ணிலும் அந்த மரை ஒரு வருடத்தில் இறுகிப்போகும், அப்புறம் திருகவும் முடியாது கழற்றவும் முடியாது. மீதி இரண்டில் அவர் மனம் மூன்றாவதில் இருந்தது. எனக்கோ முதலாவதில். டாக்டரம்மா கேட்டதும் அதுதானே. நான் கணக்குப் போட்டேன். கடலை மண்டி எடை மேடையில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்தி எடை பார்த்தேன். போளூர் வரை போய் இருபத்தேழு வேகத்தடைகளின் உயரத்தையும் டேப்பால் அளந்தேன். லாரிக்காரர்கள் திட்டினார்கள். முப்பது மில்லிமீட்டர் இறக்கினாலும் பின்பக்கம் நான்கு விரல் இடம் மிஞ்சும் என்று வந்தது.

ஃபோர்மேன் தாளைப் பார்த்தார். "டிக்கியில இன்னா இருக்கும் கணக்கு?" அவர் என்னைக் கணக்கு என்றே கூப்பிடுவார்.

"ஒண்ணும் இல்லீங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம். நானே எண்ணி எழுதினது."

"டாக்டர் வண்டியாச்சேப்பா."

"மூணு தபா வந்திருக்குது ஃபோர்மேன். மூணு தபாவும் காலி."

அவர் என் ஜாப் கார்டை நம்பினார். குட்டை ஸ்பிரிங் வந்தது, மாட்டினோம். வண்டி பார்க்க அழகாக இருந்தது, சிறுத்தை பதுங்கி நிற்பதுபோல. டாக்டரம்மா ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். ஃபோர்மேன் மட்டும் பின் ஷாக் அப்சார்பரில் நூலைக் கட்டி அனுப்பினார்.

ஒன்பதாவது நாள் காலை டாக்டரம்மா திரும்பி வந்தார். சிரிப்பு இல்லை.

"ஃபோர்மேன், நேத்து போளூர் போறப்ப ஏரிக்கரை வளைவுல பின்னாடி துள்ளிடுச்சு. வளைவுல ஒரு மேடு இருக்கில்ல, அதுல. துள்ளி அப்படியே வெளிப்பக்கம் போச்சு. பின் டயர் மண்ணுல இறங்கிட்டு ஏறுச்சு. அந்தப் பக்கம் தண்ணி." கார் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர் அழுதுட்டாங்க. நான் அழல, ஆனா ஆபரேஷன் நடக்கும்போது மனசு அந்த வளைவுலயே நின்னுடுச்சு. அது கூடாது."

சாவியை என் மேஜை மேல் வைத்தார்.

"நான் யோசிச்சுட்டேன். போளூரையும் செங்கத்தையும் விட்டுடறேன். ஊருக்குள்ளயே பாத்துக்கறேன்."

"உங்களுக்குப் பதிலா யாருங்க வருவாங்க?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

"யாரும் இல்ல. வேலூருக்குத்தான் அனுப்பணும். பிரசவத்துல நேரம் இருந்தா போய்ச் சேருவாங்க."

ஃபோர்மேன் கீழே படுத்து பின் சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார். சீக்கிரம் வெளியே வரவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். நூல் ரப்பர் ஸ்டாப்பருக்குள் அழுந்தி, நைந்து, ஒட்டிக்கொண்டிருந்தது. காலி வண்டியில் அது அங்கே போக வழியே இல்லை. என் கணக்குப்படி நான்கு விரல் கீழே இருக்க வேண்டும்.

ஃபோர்மேன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார். "மேடம், போளூர் போறப்ப வண்டியில இன்னா ஏத்திட்டுப் போவீங்க?"

"என் மெஷின்தான். சிலிண்டர், மானிட்டர், சக்‌ஷன் எல்லாம். அங்க ஒண்ணும் இருக்காதே, நான்தான் கொண்டு போகணும்."

"இங்க வர்றப்ப அதெல்லாம்?"

"வீட்ல இறக்கி வெச்சுட்டு வருவேன். அதான் போர்டு போட்டிருக்கீங்களே."

எல்லாருடைய பார்வையும் சுவருக்குப் போனது. 'வண்டியைக் காலி செய்து ஒப்படைக்கவும். காணாமல் போகும் பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அதை எழுதச் செய்தது நான். ஒருமுறை ஒரு குடை காணாமல் போய் அதற்கு மூன்று நாள் பதில் சொன்னேன். அதற்கப்புறம் எண்ண வேண்டிய பொருள்கள் குறையட்டும் என்று முதலாளியிடம் சொல்லி எழுத வைத்தேன். வண்டி சுலபமாக எண்ணும்படி வந்தது. ரோட்டில் ஓடுகிற வண்டியாக வரவில்லை.

அது என் வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஃபோர்மேன் என்னைப் பார்க்காமலே கையால் நிறுத்தினார்.

"தப்பு எங்க மேலதாங்க மேடம். உங்க வண்டிய அளந்தோம், உங்க வேலைய அளக்கல. பத்து நாள் குடுங்க. அது வரிக்கும் வேற வண்டியில போங்க. பத்து நாளுக்கு அப்பால உங்களுக்கு மனசு ஒப்பலன்னா போளூர விட்டுடுங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பத்து நாள்" என்றார்.

அவர் போனதும் நான் ஃபோர்மேனிடம், "நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா வண்டி சரியாயிடுமா? ஏணி எடுத்துட்டு வந்து அந்த மொத வரிய அழி. உன் கையால அழி." அவ்வளவுதான். அதற்குப் பின் அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. நான் ஏணியில் நின்று பெயின்ட் அடித்தேன். இரண்டு பூச்சு தேவைப்பட்டது.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்கே போனோம். அவர் வழக்கமாக எப்படி ஏற்றுவாரோ அப்படியே ஏற்றச் சொன்னார் ஃபோர்மேன். பெட்டிகளும் சிலிண்டர்களுமாகப் பதினேழு உருப்படி. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. எல்லாமே டிக்கியின் கடைசியில், கதவை ஒட்டி. சிலிண்டர்கள் கட்டப்படாமல் ஒரு போர்வையின் மேல் கிடந்தன. வளைவில் அவையும் உருண்டிருக்கும். மேட்டில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ஸ்டாப்பரில் இடித்துத் துள்ளிய அதே நேரத்தில் இந்த எடையும் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. வண்டி தண்ணீரில் இறங்காததுதான் அதிசயம்.

பின் இருக்கையில் சிஸ்டர் வேறு. அவருடைய எடை தெரிய வேண்டும். கேட்க எனக்கும் தைரியம் இல்லை, ஃபோர்மேனுக்கும் இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அறுபத்தி நாலு" என்றார் சிஸ்டரே வாசலிலிருந்து. "வெக்கப்படாம எழுதிக்கோங்க சார்."

இந்த முறை ஃபோர்மேன் தேர்ந்தெடுத்ததை நான் வாய் திறக்காமல் எழுதினேன். முன்பக்கம் கம்பெனி ஸ்பிரிங்கே திரும்பப் போனது. பின்பக்கம் அதே உயரத்தில் கொஞ்சம் மட்டும் இறுக்கமானது. நான்கு பக்கமும் நல்ல ஷாக் அப்சார்பர். வண்டி சாய்வதை ஸ்பிரிங்கால் அடக்காமல் தடித்த குறுக்குக் கம்பியால் அடக்குவது. தேய்ந்த புஷ் எட்டும் புதிது. சென்னை பார்சல் வர நான்கு நாள் ஆனது; அதற்குள் அவர் தச்சரிடம் ஒரு மரத் தொட்டில் செய்ய வைத்தார். சிலிண்டர்கள் அதில் படுத்து, பின் இருக்கையின் முதுகோடு வாரால் கட்டப்பட்டன. கடைசியில் இருந்த எடை ஒன்றரை அடி முன்னால் வந்தது. ஸ்பிரிங்கைவிட அந்தத் தொட்டில்தான் பாதி வேலையைச் செய்தது என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது. காலி வண்டியாக ஓட்டிப் பார்க்க ஃபோர்மேன் சம்மதிக்கவில்லை. "நாளைக்கு போளூர் நாள். நாளைக்கே பாக்கலாம். இன்னா ஏத்துவாங்களோ அத்தனையும் ஏத்தி."

மறுநாள் காலை பிரச்சினை சிஸ்டர். ஏரிக்கரை வழியாக அந்தக் காரில் வர மாட்டேன் என்று சொல்லி முதல் பஸ்ஸிலேயே போளூர் போய்விட்டார். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். "நீ எவ்ளோ இருப்ப?"

"அறுபத்திரெண்டு."

"ரெண்டு கிலோ கம்மி." ஸ்பேனர் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தராசில் வைத்துப் பார்த்து, என் மடியில் வைத்தார். "இறுக்கிப் பிடிச்சுக்கோ. ஆட்டாத."

பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் புது நூல் கட்டினார். பிறகு தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. காலை ஏழே முக்கால் மணி. டாக்டரம்மாவுக்கு எட்டரைக்கு முதல் கேஸ்.

நான் பின்னால் உட்கார்ந்து வேகத்தடைகளை எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் பயம் வந்துவிடும். பதினான்காவதுக்கு அப்புறம் டாக்டரம்மாவின் செல்போன் அடித்தது. சிஸ்டர்தான். இரவெல்லாம் வலியில் இருந்த பெண்ணுக்கு இப்போது ஆபரேஷன் முடிவாகிவிட்டதாம், கொஞ்சம் சீக்கிரம் வரச் சொன்னார்கள். "வந்துட்டே இருக்கேன்" என்று வைத்துவிட்டார். வேகம் கூடியது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கணக்கு சார், உங்க கணக்கு இப்ப சரிதானே?" என்றார்.

"இது ஃபோர்மேன் கணக்குங்க மேடம்."

ஏரி தெரிந்தது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து பார்த்தபோதுதான் ஃபோர்மேன் நிற்பது தெரிந்தது. மேட்டுக்குப் பக்கத்தில், வெளிப்பக்கத்து மண் விளிம்பில், பத்து நாளுக்கு முன் டயர் இறங்கிய தடத்தின் மேலேயே நின்றிருந்தார். பின்னால் தண்ணீர். மோட்டார் சைக்கிள் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் இருந்தது.

"அந்த ஆள் ஏன் அங்க நிக்கிறார்?" டாக்டரம்மாவின் கால் பிரேக்குக்குப் போனது.

ஃபோர்மேன் கையை உயர்த்தி, வா வா, அதே வேகத்தில் வா என்று காட்டினார். ஒரு நொடி. பிரேக்கிலிருந்து கால் எடுக்கப்பட்டது. வண்டி வளைவுக்குள் நுழைந்தது. மேடு வந்தது. ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழுந்து, அடங்கியது. பின்பக்கம் கோட்டை விட்டு ஒரு விரல் நகரவில்லை. மரத் தொட்டிலில் ஒரு சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஃபோர்மேன் எங்களைப் பார்க்கவில்லை, குனிந்து பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு அடி இருந்திருக்கும்.

நர்சிங் ஹோம் வாசலில் பதினேழு உருப்படியையும் இறக்கி உள்ளே கொடுத்தேன். எண்ணித்தான் கொடுத்தேன். ஃபோர்மேன் பத்து நிமிடம் கழித்து வந்து சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனார். "ரெண்டு விரல்" என்றார் உள்ளேயிருந்து. "ஸ்டாப்பருக்கு ரெண்டு விரல் மிச்சம். எழுதிக்கோ."

எழுதினேன். பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஃபோர்மேன் டீ வாங்கி வந்தார். டாக்டரம்மா முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டபடி வெளியே வந்து, எங்களைத் தாண்டி, நர்சிங் ஹோம் டாக்டரிடம் சொன்னார்: "அடுத்த வாரம் மூணு கேஸ் தள்ளி வெச்சீங்களே, அதையும் போட்டுக்கோங்க. நான் வர்றேன்." எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். சிஸ்டர் மாலையில் காரிலேயே ஊர் திரும்பியதாக அப்புறம் தெரிந்தது.

திரும்பும்போது நான் ஃபோர்மேனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன், மடியில் ஸ்பேனர் பெட்டியோடு. ஏரிக்கரை வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அந்த ஓரத்துலயா நிக்கறது? துள்ளியிருந்தா இன்னா ஆயிருக்கும்? புளியமரத்துப் பக்கம் நின்னா தெரியாதா?"

"அந்தப் பக்கம் நின்னா வெளி டயர் தெரியாதுப்பா."

"அதுக்காக?"

மேடு வந்தது. வேகத்தைக் குறைத்து அதன் மேல் ஏற்றி இறக்கினார்.

"அந்தம்மா வாரத்துல ரெண்டு நாள் அந்த எடத்த தாண்டுறாங்க, நம்மள நம்பி. நான் ஒரு நாள் அங்க நிக்கக் கூடாதா?"